வெள்ளிக்கிழமை மரம்

குங்குமப் பொட்டலம் கலாவதியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது தளதளவென்று நின்ற மரம், திரும்பி வருவதற்குள் ஒற்றை இலை இல்லாமல் மொட்டையாக நின்றது.

"ஏனுங்க, அக்கா இன்னிக்கும் வந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த புருஷன் செபாஸ்டின் திரும்பிப் பார்த்தார்.

மரம் என்றால் ஓங்கி வளர்ந்த மரமில்லை, முழ உயரம்தான். காட்டில் விட்டால் வீட்டு ஓட்டுக்கு மேலே போகிற ஹேக்பெரி என்கிற மரத்தை, வேரைக் கத்தரித்து, கிளைக்குக் கம்பி சுற்றி வளைத்து, பதினெட்டு வருஷமாக ஒரு மண்தட்டில் குள்ளமாகவே வளர்த்திருந்தாள் ஆன்மேரி. போன்சாய் என்று பேராம். ஆன்மேரி, செபாஸ்டினின் மூத்த தாரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாளாம்.

போனவள் போகவில்லை.  போன வெள்ளி கிளை நுனிகள் அளவாகக் கத்தரிக்கப்பட்டிருந்தன, வெட்டின இடத்தில் பசைகூடத் தடவியிருந்தது. அதற்கு முந்தின வெள்ளி பழைய கம்பியெல்லாம் கழன்று கிடந்தது. இந்த வீட்டில் அந்த வேலை தெரிந்த கை ஒன்றுதான், அந்தக் கையும் மண்ணுக்குள் போய்விட்டது.

"அந்த மரத்தை எங்கியாச்சும் கொண்டுபோய் உட்டுட்டு வாங்க. அக்காவுக்கு என்னைப் புடிக்கலீங்க. வயித்துல மூணு மாசத்துப் புள்ளையை வெச்சுக்கிட்டு நொம்பப் பயமா இருக்குதுங்க."

செபாஸ்டின் முகம் வெளுத்துவிட்டது. "மரத்து மேல மட்டும் கை வெச்சுறாத கலா. அது போச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

எஸ்டேட்டில் நூறு பேரை மிரட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசரே இப்படிப் பயந்தால் அவள் எந்த மூலைக்கு!

"அப்ப கல்லறைக்காச்சும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க. மெழுகுவத்தி ஏத்திக் கும்புட்டுட்டு வந்தர்றேன்."

"அது அவ பொறந்த ஊர்ல இருக்குது. இந்த ஒடம்போட அவ்வளவு தூரம் உன்னால முடியாது, உடு."

வேறு யாரைக் கேட்பது? சொந்த ஊர் குப்பனூரில் தாலி கட்டிக்கொண்டு மலையேறி வந்து ஆறு மாதமாகிறது. எஸ்டேட் ஆட்கள் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். வீட்டு வேலைக்கு வரும் மாரியம்மாளோ, மரத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்?" என்று துடைப்பத்தோடு பின்கட்டுக்கு நழுவிவிடுவாள்.

ஆனால் ஒன்று, புருஷன் விஷயத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கிறிஸ்தவராக இருந்தும், வெள்ளிக்கிழமை ஒன்பது மணி அடித்தால் அவரே பைக்கை எடுத்துவிடுவார். ஒண்டிக்கடைப் பக்கத்து அம்மன் கோயிலில் இறக்கிவிட்டு, "அவசரமில்ல, நல்லா சாமி கும்புட்டு வா. பதினொண்ணுக்கு வர்றேன்" என்பார். நம்மாட்களே இப்படிச் செய்வார்களா என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொள்வாள்.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான் இறக்கிவிட்டுப் போனார். கற்பூர வாசனை பட்டதுமே கலாவதிக்கு வயிற்றைப் பிரட்டியது. இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். புருஷன் போனை எடுக்கவில்லை. அர்ச்சனைத் தட்டோடு ஓர் ஆட்டோவைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பினாள்.

கேட்டைத் திறந்தால் முன்வாசல் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. கத்தரி பேசுகிற சத்தம். க்ளிக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, க்ளிக்.

கலாவதி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி ஓடிவிடலாம்தான், ஆனால் எத்தனை வெள்ளிக்கு ஓடுவது? பேயானாலும் அவளும் ஒரு பொம்பளைதானே, காலில் விழுந்தால் மனசு இரங்காதா?

"அக்கா, உங்க எடத்துக்கு நானா ஆசைப்பட்டு வரலீங்க" என்று அழுதுகொண்டே நடந்தாள். "எம் புள்ளையை மட்டும் ஒண்ணும் பண்ணிறாதீங்க!"

பனிக்குள் குந்தியிருந்த உருவம் திடுக்கிட்டுத் திரும்பியது. ஒரு கையில் கத்தரி, மறு கையில் கம்பிச்சுருள். மாரியம்மாள்!

கலாவதிக்கு முதலில் மூச்சு வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "அட, நீங்கதானா மாரியம்மா! இத்தனை நாளா எனக்கு உசிரே இல்லீங்க. இந்த வேலையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

மாரியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கை அவசரமாகப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குப் போனது. அதற்குள் அது பேசிவிட்டது.

"ஏன் மாரியம்மா நிறுத்திட்டே? அந்தக் கிளையை இன்னுங் கொஞ்சம் கீழ வளைச்சுக் கம்பியைச் சுத்து. இங்க குவைத்துல வெள்ளிக்கிழமை லீவுதான், எனக்கொண்ணும் அவசரமில்ல."

கலாவதி குனிந்து போன் திரையைப் பார்த்தாள். ஹாலில் மாட்டியிருக்கும் அக்காவின் போட்டோவில் உள்ள அதே முகம், மூக்கோரம் அதே மச்சம். முன்நெற்றியில் மட்டும் கொஞ்சம் நரை கூடியிருந்தது.

அந்த முகமும் இவளை உற்றுப் பார்த்தது. பிறகு பிரியமாகவே கேட்டது:

"செபாஸ்டின் சொன்ன புது சமையக்காரி நீதானா கண்ணு?"