காது கேட்காதவனுக்குச் சக்கர நாற்காலி

"காதுதானே கேக்காது அவனுக்கு? காலுக்கு என்ன கேடு?"

குன்வோர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். நார்வேயில் நாலு பேர் நடுவே குரலை உயர்த்தினாலே அது பெரிய செய்தி.

எதிரே நின்ற விமான நிலைய உதவியாளர் டோர்ஸ்டைனுக்கு அறுபது தாண்டியிருக்கும். தள்ளிவந்த சக்கர நாற்காலியின் பிடியை விடாமல், "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

"கேட் மாறினா மைக்ல சொல்றது இவனுக்குக் கேக்காது. நேர்ல வந்து சொல்லணும், அவ்வளவுதான். உதவின்னு கேட்டாலே நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்துடறதா?"

தம்பியை யாராவது 'பாவம்' என்றால் அவளுக்குப் பொறுக்காது. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடிதடி வரைக்கும் போனவள்.

தம்பி எய்லிஃபோ ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து, பனிச்சறுக்குக் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"எந்திரிடா," சைகையில் அதட்டினாள்.

"பேசாம வாக்கா," என்றன அவன் விரல்கள்.

ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம். வழியெல்லாம் இரக்கப் பார்வை. ஒருவர் பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் எடுத்து அவன் கையில் திணித்தார்.

"சறுக்கி விழுந்துட்டீங்களா தம்பி? கவலைப்படாதீங்க, எலும்பு கூடிடும்."

உதட்டசைவைப் பார்த்து எய்லிஃப் பவ்யமாகத் தலையாட்டினான். குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு டோர்ஸ்டைன் ஊர்ந்துகொண்டிருந்தார்.

பாதி வழியில் கேட் மாறியது. டோர்ஸ்டைன் அதைச் சைகையிலேயே எய்லிஃபிடம் சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

சைகை தெரிந்தவருக்கு இவன் கால் நன்றாக இருப்பது மட்டும் தெரியாதா? அவள் கோபம் இரட்டித்தது.

விமானத்தின் வாசலில் டோர்ஸ்டைன் எய்லிஃபின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு, அப்போதுதான் வந்திறங்கிய ஒரு பெண்மணியை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

இருக்கையில் உட்கார்ந்ததும் குன்வோர் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" எய்லிஃப் சைகையில் கேட்டான்.

"அந்த ஆளோட மேலதிகாரிக்கு. நல்லாப் புகார் எழுதறேன் பாரு."

அவன் சட்டென்று போனைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டான்.

"நாற்காலி கேட்டதே நான்தான்க்கா."

"நீயா? எதுக்குடா?"

"மாசாமாசம் நான் வேலைக்கு வடக்கே போறப்ப, கேட் மாறினா ஓடி வந்து சொல்றவர் அவர்தான். எனக்காகவே சைகை கத்துக்கிட்டார். அவர் இல்லேன்னா எத்தனை விமானத்தை விட்டிருப்பேன் தெரியுமா? இப்ப அவருக்கு முட்டி தேஞ்சுபோச்சு. நடக்க முடியற வரைக்கும்தான் இந்த வேலைன்னு மேலதிகாரி கறாராச் சொல்லிட்டார். அந்த மேலதிகாரிக்குத்தான் நீ புகார் எழுதப்போனே."

குன்வோர் மறுபடி கைகளை உயர்த்தினாள்.

"சரி, நடக்கிறதுக்குப் பிடிமானம் வேணும்னா நாற்காலியைச் சும்மா தள்ளிக்கிட்டு வரட்டுமே. நீ ஏன்டா உட்காரணும்?"

"காலி நாற்காலியில சாஞ்சா கவுந்துடும்க்கா. பாரத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்தாத்தான் அவரால ஊனி நடக்க முடியும்."