கொடைக்கானல் கிழங்கு

“புதைச்சிட்டு ஓடிருவோம்ங்க. ஐயா வர்றதுக்குள்ள குழியத் தோண்டிப் புதைச்சிட்டு, தடம் தெரியாம மண்ணத் தள்ளிட்டுப் போயிருவோம்.”

சந்தனமேரி மண்வெட்டியை நீட்டினாள். பிச்சை அதை வாங்கவில்லை. மஞ்சளாகித் தலை சாய்ந்துகிடந்த நாற்பது செடிகளையும் பார்த்தபடி பாத்தியோரம் குந்தியிருந்தான்.

திருவரங்குளம் பிளாக் ஆபீஸில் அவன் தற்காலிகத் தோட்டக்காரன். இரண்டு வருடம் மழையில்லாமல் கண்மாய் வறண்டபோது, பெண்டாட்டியோடு பிழைக்க வந்தவன். ஆபீஸுக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறை கொடுத்திருந்தார்கள். சந்தனமேரிக்கு இது ஏழாம் மாதம்.

ஐப்பசியில் தோட்டக்கலை அதிகாரி முத்துராமன் திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்தார். கொடைக்கானலில் வாங்கிய கிளாடியோலஸ் பூச்செடிக் கிழங்குகளைச் சாக்கிலிருந்து எண்ணிக் கொடுத்தார். பார்க்க வெங்காயம் மாதிரி இருந்தன.

“இந்த வெக்கையில வருதான்னு பாக்கணும். இந்த நாப்பது கிழங்கு நானூறாகணும். பங்குனியில வாரேன். சரியா வந்துச்சுன்னா ஒன்ன பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதுறேன். வரலன்னா தோட்டத்தையே மூடிருவாங்க பிச்சை.”

அன்றிலிருந்து பிச்சைக்கு வேறு நினைப்பில்லை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று, வெள்ளாற்று மணலைச் சுமந்து வந்து செம்மண்ணோடும் மக்கிய இலையோடும் கலந்தான். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினான். சந்தனமேரியின் ஊரான கட்டுமாவடியிலிருந்து மீன் கழிவு வந்தது. அதைப் பானையில் மட்கவைத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டான். நாற்றம் தாங்காமல் கிளார்க்குகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். செடிகளோ விறைப்பாக எழுந்து நின்றன.

தையில் மொட்டு வைத்தன. முதல் வெள்ளை இதழ்கள் விரிந்த அன்று, எலும்புத்தூள் வாங்கப் புதுக்கோட்டை போயிருந்தான் பிச்சை. திரும்பி வந்தபோது அறை பூட்டிக்கிடந்தது. பாத்தியில் இலைகள் மட்டும் நின்றன. ஒரு பூத்தண்டுகூட இல்லை.

கட்டுமாவடியில் மாமியார் இறந்துபோனதாகக் கிளார்க் ஒருவர் சொன்னார். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் நெஞ்சு நிறைய அந்த வெள்ளைப் பூக்கள்தான்.

“சேதி வந்துச்சுங்க. வெறுங்கையோட எப்படி வருவேன்? எங்க ஆத்தாளுக்கு ஒரு பூவாவது…” என்றாள் சந்தனமேரி. நழுவிய ஒரு பூவை எடுத்து அவன் மாமியாரின் நெஞ்சில் வைத்தான்.

அதற்கப்புறம் புண்ணாக்கும் மீன் கரைசலும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தான். மறுபடி ஒரு மொட்டுக்கூட வரவில்லை. பங்குனி பிறந்ததும் இலைகளும் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டே வந்தன. கிழங்கு அழுகியிருக்குமோ என்று மண்ணைக் கிளறிப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“எந்திரிங்க. இன்னைக்கு வந்துருவாருங்க,” என்று சந்தனமேரி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாசலில் ஜீப் வந்து நின்றது.

முத்துராமன் நேராகப் பாத்திக்கு வந்தார். பழுத்த செடி ஒன்றைக் குனிந்து பார்த்தவர், வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார்.

“பூத்தண்ட யாருய்யா அறுத்தது?”

“நான்தாங்கய்யா,” என்றான் பிச்சை.

“இல்லீங்கய்யா, நான்தான்!” சந்தனமேரி முன்னால் வந்தாள். “செத்துப்போன எங்க ஆத்தாளுக்கு வச்சேன். அவுக மேல ஒரு தப்பும் இல்ல. எங்களுக்குப் போக்கிடம் இல்லீங்கய்யா. புள்ள பொறக்குற வரைக்குமாச்சும் அந்த ரூமுல இருந்துக்கிறோம்…”

அவர் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிப் பாத்தியில் இறக்கினார். பிச்சை கண்ணை மூடிக்கொண்டான்.

மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே வந்த கிழங்கு முத்துராமனின் உள்ளங்கையை நிறைத்தது. அதன் அடியில் பட்டாணி பட்டாணியாகக் குஞ்சுக் கிழங்குகள் கொத்தாக ஒட்டியிருந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“அழுகலையாய்யா?” பிச்சை ஒரு கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தான். “அப்ப எலை ஏங்கய்யா பழுத்துச்சு?”

“கிழங்கு முத்துனா எலை பழுக்கத்தான்யா செய்யும்.”

முத்துராமன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அழுதுகொண்டிருந்த சந்தனமேரியைப் பார்த்தார்.

“அன்னைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேம்மா. பூவ வெட்டிரணும், அப்பத்தான் கிழங்கு பெருக்கும்.”