ஒரு சிட்டிகை இரை

மீன் தொட்டியின் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் போன் போட்டேன்.

பொய். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். எனக்கு நேராக அந்தப் பேச்சில் இறங்க வாய் வராது. கண்ணாடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி கோபித்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.

பம்பு கம்பெனியில் எனக்கு வேலையே அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான். முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். "அந்தப் பூதக்கண்ணாடிய வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்று அவளும் கிண்டல் செய்வாள்.

கழற்றி வைத்திருக்கலாம்.

ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்தது என் ஆசை. தண்ணீர் வடிகட்டுவது, உப்புக் கலப்பது, பாறை அடுக்குவது, பவளம் ஒட்டுவது எல்லாம் நான். அவளுக்கு ஒரே வேலை, இரை போடுவது.

இருந்ததே இரண்டு மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. பெரியது பெண், சின்னது ஆண். பெரியது போகிற பக்கமெல்லாம் சின்னது பின்னாலேயே போகும். "பாத்துக் கத்துக்கங்க" என்பாள். அவள் விரலைத் தண்ணீரில் வைத்தால் பெரியது ஓடி வந்து செல்லமாகக் கொத்தும். என் விரலை ஏறெடுத்தும் பார்க்காது.

இரண்டாம் மாதம் பாசி வந்தது. முதலில் பழுப்பாகத் தூசி மாதிரி. பிறகு பச்சைப் பசேலென்று முடி முடியாக. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பாறை பாறையாகத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேய்த்தால் புதன்கிழமைக்குள் பழையபடி மண்டிவிடும்.

இரை அதிகமானால் பாசி வரும் என்று எங்கோ படித்தேன். போதாதா? குற்றவாளி வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டாள்.

"ஒரு சிட்டிகைதாங்க போடுறேன். சத்தியமா."

நான் நம்பவில்லை. மறுநாள் காலையில் இரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் எதையும் அவளுக்குத் தெரியாமல் பூட்டியது கிடையாது. சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் அவள் செருப்பு இல்லை.

நாலு நாளில் தானாக வருவாள் என்று வீம்பாக இருந்தேன்.

அவள் போன பிறகும் பாசி வளர்ந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, என்ன மனுஷன் நான்! இரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பிறகு நாலு நாளைக்கு ஒருமுறை. கடைசியில் விளக்கை அணைத்து, தொட்டியையே போர்வை போட்டு மூடி, ஐந்து நாள் இருட்டில் வைத்தேன். போர்வையை எடுத்தபோது பாசி வெளுத்திருந்தது. ஒரே வாரத்தில் மறுபடி தழைத்தது.

உப்பு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர்தான் கேட்டார், ஊற்றுகிற தண்ணீரை என்றைக்காவது அளந்து பார்த்தீர்களா என்று.

தொட்டித் தண்ணீரைத் தினமும் அளந்தேன். நோட்டுப் போட்டு எழுதினேன். ஊற்றுகிற தண்ணீரை ஏன் அளக்க வேண்டும்? அது என் கையால் வடிகட்டியதாயிற்றே.

வீட்டுக்கு வந்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை, வடிகட்டிப் பிடித்த வாளியில் நனைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டியது நூற்று எண்பது காட்டியது.

வடிகட்டியைக் கழற்றினால், உள்ளே ரப்பர் வளையம் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. வாங்கிய அன்றைக்கு மாட்டியவன் நான்தான். குழாய்த் தண்ணீர் வடியாமல் அப்படியே அந்தச் சந்தில் இறங்கியிருக்கிறது. வாரா வாரம் வாளி வாளியாகப் பாசிக்கு விருந்து வைத்தது நான். கம்பெனியில் அந்த வளையம் ஒரு நூல் ஒதுங்கியிருந்தாலும் பம்பைத் திருப்பி அனுப்புகிறவன்.

வளையத்தைச் சரியாக உட்கார வைக்க இரண்டு நிமிடம் ஆனது. பதினெட்டு நாளில் பாசி உதிர்ந்தது. பாறை ஓரங்களில், நல்ல தண்ணீருக்கு அடையாளமான ஊதா நிறம் படர்ந்தது. கண்ணாடியும் தெளிந்தது.

போனை எடுத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வளையத்தைச் சொன்னேன். தப்பு உன் கையில் இல்லை, என் கையில்தான் என்றேன். டப்பாவைப் பூட்டியிருக்கக் கூடாது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என் கதை என்றேன்.

அவள் மெல்லச் சிரித்தாள். ஐம்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டும் எப்படி இருக்குங்க? கண்ணாடிதான் தெளிஞ்சிடுச்சே, பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.

பக்கக் கண்ணாடியை ஒட்டி சின்னது நின்றுகொண்டிருந்தது. போர்வையை எடுத்த அன்று, மிதந்து கிடந்த பெரியதை நான் வலையில் அள்ளி வெளியே எடுத்தேன். அதிலிருந்து சின்னது சரியாக இரை எடுப்பதில்லை. பாசி மண்டிக் கிடந்தவரைக்கும் பாறைக்குப் பாறை தேடிக்கொண்டே இருந்தது. இப்போது தேடுவதில்லை. அந்த மூலையை விட்டு நகர்வதும் இல்லை. அங்கேதான் அதன் உருவம் கண்ணாடியில் தெரிகிறது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது" என்றேன்.