கட்டில் எண் ஒன்பது

"செத்தானா, டாக்டரம்மா?"

காலையில் வந்ததும் வராததுமாக, கண்ணாடிக் குடுவை கழுவுகிற அண்ணன் கேட்டார். ஏழு வருடமாக, ஞாயிறு தவிர, ஒரு நாள் விடாமல் கேட்கிற கேள்வி. வயதில் மூத்தவர்களுக்கும் அந்த ஆய்வகத்தில் அவர் அண்ணன்தான்.

"எங்க சாவறது? நம்மளையெல்லாம் வழியனுப்பிட்டுத்தான் போவான் போலிருக்கு," என்றார் டாக்டரம்மா, வட்டத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி.

அவன் என்பது ஒரு கிருமி. முழுப் பெயர் வாயில் நுழையாது. அதை அடைத்து வைத்த கண்ணாடிக் குழாயில் ஒட்டிய சீட்டில் 'கட்டில் 9' என்றுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலில் முழங்கால் சிராய்ப்போடு வந்து படுத்த பத்தொன்பது வயதுப் பையன், இருக்கிற மருந்தையெல்லாம் ஏற்றியும் பதினெட்டாம் நாள் போய்விட்டான். அவன் காயத்தில் துடைத்தெடுத்த சீழ் இந்த ஆய்வகத்துக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பையனின் அப்பாவும் வந்தார், கழுவுகிற வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கடலில் மருந்து தேடுகிறவர். கடல் அட்டைக்குக் கையில்லை, காலில்லை, குடும்ப வைத்தியரும் இல்லை. ஆனாலும் சேற்றில் புரண்டுகொண்டு எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது. அதன் தோலில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எதையோ கக்கி மற்ற கிருமிகளை அண்டவிடாமல் செய்கின்றன என்பது அவர் நம்பிக்கை. அந்த ஏதோ ஒன்றில் ஒரு சொட்டு எடுத்து, கட்டில் 9 படர்ந்த தட்டின் நடுவில் விடுவார். கிருமி செத்தால் சொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழ வேண்டும்.

விழவில்லை. கடற்பஞ்சு, நட்சத்திர மீன், கடல் நத்தை என்று இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சொட்டு. கட்டில் 9 அத்தனையையும் சர்பத் மாதிரி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது.

"உக்காந்த இடத்துல தின்னு தின்னு கொழுக்கறான்," என்று அண்ணன் வைவார். வைதுகொண்டே வாரம் தவறாமல் அதற்குப் புதுத் தீனி காய்ச்சியும் கொடுப்பார். அதுவும் அவர் வேலையில் சேர்த்தி.

ஒரே ஒரு தடவை, போன வருடம், வட்டம் விழுந்தது. ஆய்வகமே கைதட்டியது. அண்ணன் அன்று இரண்டு குடுவைகளை உடைத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பார்த்தால், அந்தச் சொட்டு மனிதச் செல்களையும் சேர்த்துக் கொன்றிருந்தது. கிருமி போகும், கூடவே நோயாளியும் போவார். "விடுங்கண்ணே, நமக்குக் கொடுத்துவைக்கல," என்று டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் பதினொரு மணிக்கே டப்பாவைத் திறந்து, அடி தெரிய வழித்துச் சாப்பிட்டார். துக்கத்தைச் சிலர் சாப்பாடு போட்டுத்தான் மூடுவார்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது சொட்டும் கைவிட்டது. மேசைமேல் மேலிடத்துக் கடிதம் கிடந்தது. பலன் காணாத ஆய்வுக்கு இனிப் பணம் கிடையாது, மாலைக்குள் ஆய்வகத்தை மூட வேண்டும். ஆபத்தான கிருமி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் அவித்துவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"வேற யாராவது தேடுவாங்களா, டாக்டரம்மா?"

"யாரு தேடுவா? போன மாசம்கூட மூணு பேரு போயிட்டாங்க. எல்லாம் இவன் பங்காளிங்க செஞ்ச வேலை. அடுத்த மாசமும் செய்வாங்க."

அவிப்பதற்கென்றே மூலையில் ஒரு நீராவிப் பெட்டி நின்றது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அண்ணன் வாயில் அது குக்கர். தட்டுகளும் குடுவைகளும் ஐந்து நடையாக உள்ளே போய் வெந்து வந்தன. மூன்று மணிக்கு மிஞ்சியது ஒரே ஒரு குழாய்.

"கடலையே கலக்கிப் பாத்தாச்சு, இவனை அசைக்க முடியல. இந்தக் குக்கர் இருபது நிமிஷத்துல கதையை முடிச்சிடும் பாருங்க." டாக்டரம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு குழாயை அவரிடம் நீட்டினார். "நான் போட மாட்டேண்ணே. உங்க பையனைக் கொன்னவன் இவன். உங்க கையாலயே போடுங்க. என்னால உங்களுக்குச் செய்ய முடிஞ்சது இவ்வளவுதான்."

அண்ணன் வாங்கிக்கொண்டார். குக்கரின் மூடி திறந்தே இருந்தது. குழாயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு நின்றவர், நின்றுகொண்டே இருந்தார்.

"என்னண்ணே, ஏழு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க? போடுங்க."

"முடியலம்மா."

"வெளிய கொண்டுபோக விட மாட்டாங்கண்ணே. இதுக்கு மேல இவனை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம் பையன் உடம்புல இருந்ததுல, இன்னும் உயிரோட இருக்கறது இவன் மட்டும்தாம்மா."