பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை

“உங்க பொண்ணு என்ன நிறம் அண்ணே?” போர்டில் ‘அட்ஜெக்டிவ்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினாள் டீச்சர்.

“மாநிறம்” என்றார் வெல்டர்.

“இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

வெல்டர் கூரையைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து கலங்கியிருந்தன. கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று டீச்சர் நேற்றே திட்டியிருந்தாள். மனுஷர் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

“ப்ரௌன்” என்றார் கடைசியில்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு போர்டு. டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாம் இன்டர்வியூவுக்காக வருவார்கள். வெல்டர் மட்டும் இந்த வாரம் வாசலில் வந்து நின்று, “வெளிநாட்டுல இருந்து போன் வரும் டீச்சர். என் பொண்ணைப் பத்தி நாலு வார்த்தை இங்கிலீஷ்ல தெளிவா சொல்லணும். அது போதும்” என்றார்.

பெண் அங்கேதான் வேலை பார்க்கிறாளாம். கல்யாண வயசாம். டீச்சர் அதற்கு மேல் துருவவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் இலக்கணமா படித்திருக்க வேண்டும்?

“பேரைச் சொன்னா நவுன். பேருக்குப் பதிலா வந்தா ப்ரோநவுன். எப்படிப்பட்டதுன்னு சொன்னா அட்ஜெக்டிவ். எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”

“மை டாட்டர் டால். மை டாட்டர் தின். மை டாட்டர்…”

“மூச்சுக்கு மூச்சு மை டாட்டர் எதுக்கு? ஷி-ன்னா போதும். அதுதான் ப்ரோநவுன்.”

“ஷி-ன்னா யாரோ மூணாம் மனுஷியைச் சொல்ற மாதிரி இருக்கேம்மா.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, உங்க இஷ்டம். பியூட்டிஃபுல்-னு ஒண்ணு சேர்த்துக்குங்க. பெரிய இடம்னா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க. முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கு, சைக்கிள்ல விழுந்தது. தழும்புக்கு என்ன சொல்றது?”

“ஸ்கார். அதைப் போய் யாராவது சொல்வாங்களாண்ணே? நாமளா எதுக்கு எடுத்துக் குடுக்கணும்?”

“சொல்லணும்மா. ஒண்ணு விட்டுப்போனாலும் ஆள் மாறிடும்.”

டீச்சரைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பாரம் இறங்கினால் சரி என்று தள்ளிவிட்டார். அந்தக் கல்யாணம் முறிந்து அவள் வந்து சேர்ந்த இடம்தான் இந்த ஒற்றை அறை. இங்கே ஒரு அப்பா, மகளுடைய காலில் இருக்கும் தழும்புக்குக்கூட வார்த்தை தேடுகிறார். இந்தப் பெண்ணாவது நன்றாக இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

“ஒரு போட்டோவைத் தட்டிவிட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு இவ்வளவு பாடு?”

“அனுப்பிட்டேம்மா. போட்டோவை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியலையாம். வாயால சொல்லச் சொல்றாங்க.”

“அதுவும் நியாயம்தான். இந்தக் காலத்துல போட்டோவை யாரு நம்புறா? வேணும்னா நானே பேசித் தரட்டுமா?”

“வேணாம்மா. பெத்தவங்கதான் சொல்லணுமாம். அவ அம்மாவால முடியாது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேஜை மேல் போன் அடித்தது. வெல்டர் எழுந்து நின்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் போனைத் தொட்டார்.

“எஸ் சார். ஃபாதர் சார். ஸ்லோ, ப்ளீஸ்.” ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். “மை டாட்டர் டால். தின். லாங் ஹேர். ஸ்மால் மோல், லெஃப்ட் ஷோல்டர்.”

டீச்சர் உதட்டை மட்டும் அசைத்து ‘ஷி’ என்று காட்டினாள். அவர் பார்த்தார், ஆனாலும் சொல்லவில்லை.

“மை டாட்டர் ப்ரோக்கன் டூத், ஃப்ரண்ட். லாங் ஸ்கார், ரைட் லெக்.”

ஒரு வார்த்தை பிசகவில்லை. எந்த மாணவன் பாஸானபோதும் டீச்சருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அந்தப் பக்கம் யாரோ மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

“எஸ்” என்றார் வெல்டர். “எஸ் சார்.” கொஞ்சம் பொறுத்து, “தேங்க் யூ சார்” என்று சொல்லி போனை வைத்தார்.

டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “பிச்சு உதறிட்டீங்கண்ணே! அவங்க என்ன சொன்னாங்க?”

“நான் சொன்னதெல்லாம் சரியா இருக்காம்.”

“அப்புறம் என்ன? எப்ப வரச் சொல்றாங்க?”

வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உடனே வந்து உடம்ப வாங்கிட்டுப் போகச் சொல்றாங்கம்மா.”