ஒன்று பத்துக்கு வந்த ராஜினாமா

“நேத்து ராஜினாமா பண்ணிட்டு இன்னிக்கு இல்லைங்கறீங்க. இதென்ன விளையாட்டா?” மேலாளர் அச்செடுத்த மெயிலை முதலாளியின் மேசையில் வைத்தார்.

“நான் அனுப்பலை சார்,” என்றாள் அவள். கிடங்கில் ஒன்பது வருடம் பார்த்த வேலை அந்த ஒற்றைத் தாளில் போய்க்கொண்டிருந்தது.

“உங்க பேரு, உங்க கம்ப்யூட்டர். பின்னே ஆவியா வந்து தட்டிட்டுப் போச்சு?”

முதலாளி தன் திரையைப் பார்த்தார். “ஒன்னு பத்துக்கு வந்திருக்கு. அப்ப எங்கம்மா இருந்தீங்க?”

“சாப்பிடப் போயிருந்தேன் சார். மெயில்ல டிஜிட்டல் கையெழுத்துப் போடுற சாவியையும் கம்ப்யூட்டர்லேர்ந்து உருவிக்கிட்டுத்தான் போனேன்.” கழுத்துப் பட்டையில் பென் டிரைவ் போலத் தொங்கியதைக் காட்டினாள். “ஆறு மாசமா அந்தக் கையெழுத்து இல்லாம நான் ஒரு மெயிலும் அனுப்பினதில்லை.”

“இதுல இல்லை,” என்றார் முதலாளி.

“அப்படி ஒரு கையெழுத்தை நான் பார்த்ததே இல்லையே,” என்று மேலாளர் சிரித்தார்.

“திரையில படிக்கிற எல்லாருக்கும் மெயில் மேல ஒரு சின்ன முத்திரையா தெரியும் சார். நீங்க ஒருத்தர்தான் எல்லாத்தையும் அச்செடுத்துப் படிக்கிறீங்க. தாள்ல அது வராது.”

சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய வேலைக்கு மேலாளர் சிபாரிசு செய்திருந்த அவருடைய மச்சான் வரவேற்பறையில் காத்திருந்தான்.

முதலாளி ஒரு வெள்ளைத் தாளை மேலாளர் பக்கம் நகர்த்தினார். “ராஜினாமா எழுத உங்களுக்கு நல்லாவே வருது. இன்னொன்னு எழுதுங்க. இந்தத் தடவை உங்க பேர்ல.”