அசையாத சபை

"யாரும் கைதட்ட வேணாம் கங்காணி. பாதியில எழுந்து போகாம இருந்தாலே போதும்," என்றார் ஜெயபாலன்.

சன்னாசி கங்காணி சிரித்தார். "நம்ம தோட்டத்து ஆளுங்க அடக்கமா இருப்பாங்கய்யா. பயப்படாம மேடை ஏறுங்க."

பயப்படாமல் எப்படி? ஈப்போ பட்டணத்தில் மூன்று கூட்டம் பேசி, மூன்றிலும் மண்ணைக் கவ்வியவர் ஜெயபாலன். இவர் வாய் திறந்தால் அங்கே வெற்றிலைப் பெட்டி திறக்கும், பெஞ்சு காலியாகும். இன்றும் அப்படி ஆனால் இனி மேடையே ஏறுவதில்லை என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். பேச எடுத்த விஷயமோ, 'சபையில் இருந்து கேட்கும் முறை'!

விடிகாலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பலகை மேடை. அதில் ஒரு மேசை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தோட்டமே தரையில் உட்கார்ந்திருந்தது.

முதலில் பழைய கதைதான். முன்வரிசையில் அர்ச்சுனன் வெற்றிலையைக் குதப்பினான். இருளாயி பக்கத்துக்காரியோடு வம்பளந்தாள். ஜெயபாலன் மேசையோரம் வந்து நின்று, "சபை என்பது கோயில்!" என்று குரலை உயர்த்தினார்.

அடடா! கூட்டம் கப்பென்று அடங்கியது. துப்பப் போன அர்ச்சுனன் சாற்றை அப்படியே விழுங்கினான். இருளாயி தன் வாயைப் பொத்தி, மடியிலிருந்த பிள்ளையின் வாயையும் பொத்தினாள். சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். அத்தனை கண்ணும் அவர் பாதத்தில்! முகத்தை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

ஜெயபாலனுக்கு மெய்சிலிர்த்தது. படித்தவர்கள் நிறைந்த ஈப்போவில் கிடைக்காத மரியாதை, பால்மரம் வெட்டுகிறவர்களிடமா! கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சற்று நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்கய்யா," என்று கீழிருந்து கிசுகிசுத்தார் கங்காணி. அவர் குரலே நடுங்கியது. "நின்ன எடத்துலயே நின்னு பேசுங்க."

பாவம், மனிதர் உருகிவிட்டார்! ஜெயபாலன் பேசினார், பேசினார், ஒரு மணி நேரம் பேசினார். ஒரு இருமல்கூட இல்லை.

திடீரென்று கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. கங்காணி தாவி ஏறி, அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கங்காணி, இந்தச் சபைய நான் கையெடுத்துக் கும்பிடணும்," என்று தழுதழுத்தார் ஜெயபாலன். "இப்படிப் பேச்சக் கேக்குறவங்கள நான் பாத்ததே இல்ல."

"நாங்க எங்கய்யா கேட்டோம்?" கங்காணி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "மேசைக்கடியில, உங்க கால்கிட்ட நல்லபாம்பு! சொன்னா பதறிக் கால நகத்துவீங்க, தீண்டிரும்னு மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். இப்பத்தான் எறங்கிப் போச்சு. நீங்க பேசுனத ஒரு மணி நேரமும் அசையாமக் கேட்டது அது ஒண்ணுதான்லா!"